கொடுங்கார மிளகாயைச் சமையலில் சேர்ப்பது எப்படி?

பூத் ஜொலோகியா, உமோரோக், நை மிரிஸ், காந்தாரி. இவற்றில் ஏதோ ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. ஷில்லாங் போய்வந்த நண்பர் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கலாம், இணையத்தில் ஆசைப்பட்டு வாங்கியிருக்கலாம், மாடித் தொட்டியில் நீங்களே வளர்த்திருக்கலாம். இப்போது அதை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. வழக்கமான மிளகாயைப் போல நாலு கிள்ளிப் போட்டுத் தாளித்தால் அன்றைய சாப்பாடு யாருக்கும் ஆகாது. முறையாகச் செய்தால், எந்தக் குண்டூர் மிளகாயிலும் கிடைக்காத ஒரு பழ வாசனை குழம்பில் ஏறும். அந்த வாசனைக்காகத்தான் இவற்றைச் சமைக்க வேண்டும். காரம் மட்டும் போதும் என்றால் வீட்டில் இருக்கும் வரமிளகாயே போதும்.

## முதலில் கணக்கு

இந்த அத்தியாயத்தில் தத்துவம் இவ்வளவுதான். மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற வேதிப்பொருள். அது தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. எண்ணெய், நெய், தேங்காய்ப்பால் போன்ற கொழுப்பில் நன்றாகக் கரையும். காரத்தை அளக்க 1912இல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் உருவாக்கிய அலகு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. உலர்ந்த எடைக்கு உத்தேசமாக:

- குண்டூர் சன்னம்: 35,000 முதல் 40,000 வரை
- காந்தாரி: 50,000 முதல் 1,00,000 வரை
- ஹபனேரோ: 1,00,000 முதல் 3,50,000 வரை
- பூத் ஜொலோகியா: ஏறக்குறைய 10,00,000

பூத் ஜொலோகியாவை 2007இல் கின்னஸ் நிறுவனம் உலகின் அதிகக் கார மிளகாயாக அறிவித்தது. பிறகு வேறு சில மிளகாய்கள் அதை முந்தின; 2013இல் கரோலினா ரீப்பர் முதலிடத்தைப் பிடித்தது. 2023இல் பெப்பர் எக்ஸ் சுமார் 27 லட்சத்தோடு முதலிடத்துக்கு வந்தது. இந்தப் பந்தயத்துக்கும் சமையலுக்கும் சம்பந்தம் இல்லை. ரீப்பரை வைத்துச் சமைக்க ஆசைப்படும் புதியவருக்கு என் பதில் ஒன்றுதான்: வேண்டாம்.

மேலே உள்ள எண்களைச் சமையலறைக் கணக்காக மாற்றிப் பாருங்கள். காய்ந்த பூத் ஜொலோகியா ஒன்று ஏறக்குறைய 1 கிராம் இருக்கும். அதன் காரம் சுமார் 25 கிராம் குண்டூர் தூளுக்குச் சமம், அதாவது கோபுரம் இல்லாமல் மட்டமாக அளந்தால் ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி. நான்கு பேர் சாப்பிடும் குழம்புக்கு இரண்டு தேக்கரண்டி போடும் வீட்டில், ஒரே ஒரு மிளகாய் ஐந்து நாள் குழம்பின் காரத்தை வைத்திருக்கிறது. பச்சைப் பழத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் 6, 7 கிராம் எடை இருந்தாலும் ஒரு பழத்தின் மொத்தக் காரம் ஏறக்குறைய இதே அளவுதான். பழத்துக்குப் பழம் காரம் வெகுவாக மாறும். ஒரே செடியில்கூட மாறும். ஆகவே எந்த அளவையும் உச்ச அளவாக எடுத்துக்கொண்டு அதற்குக் கீழேயே தொடங்குங்கள்.

முழு மிளகாயை நேராகக் குழம்பில் நறுக்கிப் போடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். முதலில் அதை எண்ணெயிலோ உப்பிலோ காடி என்கிற வினிகரிலோ கலந்து நீர்க்கச் செய்து, பிறகு கரண்டியால் அளந்து சேர்க்க வேண்டும். கீழே வரும் செய்முறைகளில் பாதி இந்த ஒரு உத்தியின் வேறு வேறு வடிவங்கள்.

## எதை வாங்குவது

அசாமில் பூத் ஜொலோகியா, நாகாலாந்தில் ராஜா மிர்ச்சா, மணிப்பூரில் உமோரோக் என்று சொல்வதெல்லாம் ஒரே குடும்பம். நாகா மிளகாய்க்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழம் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ, சுருக்கம் விழுந்த தோலோடு, நுனி கூராக இருக்கும். முகர்ந்து பார்த்தால் காரத்துக்கு முன்பு பழ வாசனை வரும்.

இலங்கையின் நை மிரிஸ் குட்டையானது, நெளிந்த தோல் கொண்டது. குழம்பு மணக்க அதை முழுசாகப் போடுவது அங்கே வழக்கம். காந்தாரி நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வீட்டுக் கொல்லையில் தானே முளைக்கும் சின்ன மிளகாய். விதையைப் பரப்புவது பறவைகள். கேப்சைசின் அவற்றுக்கு உறைப்பதில்லை. முதல் முறை முயல்பவருக்கு என் பரிந்துரை காந்தாரி, அடுத்து நை மிரிஸ், மூன்றாவதாகத்தான் பூத் ஜொலோகியா.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

- தூளாக வாங்காதீர்கள். கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பொட்டலத்தைப் பிரிக்கும்போதே மூக்கில் ஏறும்.
- காய்ந்தது வாங்கினால் புகையில் உலர்த்தியதா, வெயிலில் உலர்த்தியதா என்று கேளுங்கள். புகையில் உலர்ந்தது இறைச்சிக்கும் கருவாட்டுக்கும் பொருந்தும். சைவக் குழம்பில் சிலருக்குப் பிடிக்காது.
- காம்புப் பக்கம் கறுத்து, பொடிபோலப் பூஞ்சை தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்.
- சாறு செறிவூட்டிய ‘எக்ஸ்ட்ராக்ட்’ சாஸ் வேறு ஜாதி. அதில் மிளகாயின் வாசனை இருக்காது, கசப்பும் எரிச்சலும்தான் இருக்கும். சமையலுக்கு அது தேவையே இல்லை.

பச்சைப் பழம் நிறையக் கிடைத்தால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, முழுசாக ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த பழத்தைக் கத்தியால் சீவுவது எளிது, சாறும் தெறிக்காது.

## கைவைப்பதற்கு முன்

விபத்துகளில் பெரும்பாலானவை சாப்பிடும்போது நடப்பதில்லை, நறுக்கும்போதும் கழுவும்போதும்தான் நடக்கின்றன. எனவே இந்தப் பகுதியை அவசரப்படாமல் படியுங்கள்.

தேவையானவை: நைட்ரைல் கையுறை (மருந்துக்கடையில் பெட்டியாகக் கிடைக்கும்), கண்ணாடி, பீங்கான் தட்டு அல்லது எஃகுத் தட்டு, சின்னக் கத்தி அல்லது கத்தரிக்கோல், பழைய செய்தித்தாள், ஒரு கிண்ணத்தில் சமையல் எண்ணெய், பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு.

1. கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலில் கழற்றி வையுங்கள். வேலை முடிந்த அன்று திரும்பப் போடவும் வேண்டாம்.
2. கழிப்பறைக்குப் போகும் வேலை இருந்தால் முடித்துவிட்டு வாருங்கள். சிரிப்பாகத் தோன்றும், ஆனால் இந்த வரியை மறந்தவர்கள் பிறகு மறப்பதில்லை.
3. ஜன்னலைத் திறந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்துங்கள். அது நெடியை உங்கள் முகத்துக்கே திருப்பிவிடும். குழந்தைகளையும் ஆஸ்துமா உள்ளவர்களையும் வேறு அறைக்கு அனுப்புங்கள்.
4. கையுறை போடுங்கள். மெல்லிய ரப்பர் கையுறையில் எரிச்சல் மெதுவாக ஊடுருவும். ஓட்டல் பார்சலில் வரும் பாலிதீன் கையுறை வழுக்கும். இரண்டும் உதவாது.
5. செய்தித்தாளை விரித்து அதன்மேல் தட்டை வையுங்கள். மரப்பலகையும் அரிவாள்மனையும் வேண்டாம். மரம் காரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் அதே பலகையில் குழந்தைக்கு ஆப்பிள் நறுக்குவீர்கள்.
6. காம்பைப் பிடித்துக்கொண்டு நீளவாக்கில் கீறுங்கள். உள்ளே பாருங்கள்: விதையைத் தாங்கும் வெளிர் சதையில் மஞ்சள் கலந்த எண்ணெய்த் துளிகள் மினுங்கும். காரத்தின் உறைவிடம் அதுதான். விதையில் காரம் கிடையாது. சதையோடு ஒட்டியிருப்பதால் தொற்றிக்கொள்கிறது, அவ்வளவே.
7. அந்தச் சதையையும் விதையையும் கத்தி நுனியால் வழித்து எடுங்கள். சாதாரண மிளகாயில் இப்படிச் செய்தால் காரம் பெருமளவு இறங்கிவிடும். பூத் ஜொலோகியா வகையில் அந்த அளவுக்கு இறங்காது, ஏனென்றால் அதன் உள்சுவரிலும் காரம் சுரக்கும் பைகள் உண்டு. வழித்த தைரியத்தில் அளவைக் கூட்டிவிடாதீர்கள்.
8. வேலை முடிந்ததும் கழிவைச் செய்தித்தாளோடு சுருட்டி, கையுறையை உள்புறம் வெளியே வரும்படி உரித்து, இரண்டையும் ஒன்றாகக் குப்பையில் போடுங்கள்.
9. கையுறை போட்டிருந்தாலும் கையில் எண்ணெய் தடவித் தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு சோப்பும் குளிர்ந்த தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். வரிசை முக்கியம்: எண்ணெய் முதலில், சோப்பு பிறகு.

குறிப்பு: கத்தி, தட்டு, வாணலி எதையும் வெந்நீர் ஊற்றிக் கழுவாதீர்கள். ஆவியோடு காரமும் எழுந்து தொண்டையைக் கமற வைக்கும்.

## மிக்ஸியில் அரைக்கும்போது

மிக்ஸியைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஜாரில் காய்ந்த மிளகாயை மட்டும் போட்டு ஓட்டி, உடனே மூடியைத் திறந்தால், பொடி புகைபோல முகத்தில் அடிக்கும். இந்திய ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ இந்த மிளகாயை வைத்துக் கூட்டத்தைக் கலைக்கும் கையெறி குண்டு செய்தது. அசாமில் யானை ஊருக்குள் வராமல் இருக்கக் கயிறுகளில் இதைப் பூசிக் கட்டினார்கள். யானையே ஒதுங்கும் பொருளை மூடிய சமையலறையில் தூளாக்குகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும்.

1. காய்ந்த மிளகாயைத் தனியாக அரைக்காதீர்கள். கல்லுப்போடு சேர்த்தோ, எண்ணெயில் நனைத்தோ அரையுங்கள். பொடி பறக்காது.
2. சூடான கலவையை அரைக்கவே கூடாது. ஆவியின் அழுத்தத்தில் மூடி தூக்கும். தெறிப்பது கண்ணில்தான் விழும்.
3. விட்டு விட்டு ஓட்டுங்கள். நிறுத்திய பிறகு 15 நிமிடம் மூடியைத் தொடாதீர்கள்.
4. திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஜாரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத் திறவுங்கள்.
5. ஜாரை எண்ணெய்த் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு கைப்பிடி பச்சரிசியை ஓட்டி அந்த மாவைக் கொட்டிவிடுங்கள். மூடியின் ரப்பர் வாஷரைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் ஒரு இரவு ஊறப் போடுங்கள். நாலு நாள் கழித்து மில்க் ஷேக் உறைப்பதற்குக் காரணம் இந்த வாஷர்தான்.

வசதி இருந்தால் இதற்கென்று சின்னச் சட்னி ஜார் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். அம்மியில் அரைப்பவர்கள் கையால் வழிக்காமல் கரண்டியால் வழியுங்கள்.

## செய்முறை 1: முழுசாக மிதக்கவிடுவது

எளிதான முறை இது. ஜமைக்கா, டிரினிடாட் பக்கம் ஸ்காட்ச் பானட் மிளகாயைச் சூப்பிலும் சோற்றிலும் முழுசாகப் போட்டு, வாசனை இறங்கியதும் எடுத்துவிடுவார்கள். இலங்கையில் நை மிரிஸும் இப்படித்தான் கறிக்குள் போகிறது. தோல் கிழியாதவரை வாசனை வெளியே வரும், காரத்தில் பெரும்பகுதி உள்ளேயே நிற்கும்.

1. காம்போடு கூடிய, கீறல் இல்லாத பழமாகத் தேர்ந்தெடுங்கள். காம்பு உதிர்ந்திருந்தால் அந்தத் துளை வழியாகக் காரம் இறங்கும். அது இதற்கு ஆகாது.
2. தேங்காய்ப்பால் சேர்த்த சொதி, பருப்பு, மீன் குழம்பு எதுவானாலும் முக்கால்வாசி வெந்தபின் தீயைக் குறைத்து மேலாகப் பழத்தை வையுங்கள்.
3. 10 நிமிடம் போதும். தளதளவென்று கொதிக்க விடாதீர்கள். கொதியில் பழம் வெடிக்கும்.
4. கரண்டியால் அழுத்தாமல், கிளறாமல், பழத்தை முழுசாக எடுத்துவிடுங்கள்.
5. பிறகுதான் உப்பும் புளிப்பும் பார்க்க வேண்டும்.

அடிக்கடி நடக்கும் தவறு: எடுக்க மறந்து பரிமாறுவது. யாராவது அதைக் கத்தரிக்காய் என்று நினைத்துக் கடிப்பார்கள். பழத்தைப் போட்டதும் ஒரு கிண்ணத்தை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கிண்ணம் காலியாக இருந்தால் பழம் இன்னும் குழம்பில்தான் இருக்கிறது.

## செய்முறை 2: ஊறல் எண்ணெய்

வீட்டில் ஒரு பாட்டில் இருந்தால் ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை. தோசைக்கு இட்லிப்பொடி குழைக்க, தயிர்சாதத்தின் மேல் நாலு சொட்டு விட, ஆம்லெட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆகும்.

தேவை: நன்றாகக் காய்ந்த பூத் ஜொலோகியா 1, நல்லெண்ணெய் 200 மில்லி.

1. மிளகாய் முறுமுறுவென்று உடைகிறதா பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது. இன்னும் ஒரு நாள் வெயிலில் வையுங்கள்.
2. கத்தரிக்கோலால் நாலைந்து துண்டாக்கி, காய்ந்த கண்ணாடிக் கிண்ணத்தில் போடுங்கள்.
3. எண்ணெயைச் சிறு தீயில் சூடாக்குங்கள். ஒரு சீரகத்தைப் போட்டால் அதைச் சுற்றி மெதுவாகக் குமிழ் வர வேண்டும். பொரிந்து தாவக் கூடாது. தாவினால் அடுப்பை அணைத்து ஆறவிடுங்கள்.
4. அடுப்பை அணைத்தபின் எண்ணெயை மிளகாயின் மேல் ஊற்றுங்கள். மிளகாயை அடுப்பில் இருக்கும் எண்ணெயில் போடக் கூடாது. கருகினால் கசப்பு ஏறும்; நெடி தெரு வரை போகும்.
5. மூடிவைத்து முழுக்க ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, ஈரமில்லாத பாட்டிலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

மிளகாயின் காரம் முழுக்க இறங்கியது என்று வைத்துக்கொண்டாலும் இந்த எண்ணெயில் ஒரு தேக்கரண்டி, ஏறக்குறைய கால் தேக்கரண்டி குண்டூர் தூளுக்குத்தான் சமம். ஆகவே தைரியமாகக் கரண்டியால் அளக்கலாம்.

எச்சரிக்கை: பச்சை மிளகாய்ப் பழத்தையோ பச்சைப் பூண்டையோ எண்ணெயில் ஊறப்போட்டு அறையில் வைக்காதீர்கள். ஈரமுள்ள காய் காற்றுப் புகாத எண்ணெய்க்குள் கிடந்தால், பாட்டுலிசம் என்னும் உயிர்க்கொல்லி நோய்க்குக் காரணமான நஞ்சை உண்டாக்கும் கிருமி அதில் வளர இடம் உண்டு. வாசனையோ நிறமோ மாறாது; முகர்ந்து கண்டுபிடிக்க முடியாது. நம் ஊறுகாய்கள் கெடாமல் நிற்பது எண்ணெயால் மட்டும் அல்ல, உப்பாலும் புளிப்பாலும் வெயிலாலும்.

## செய்முறை 3: கார உப்பு

ஒரு காய்ந்த மிளகாய்க்கு 100 கிராம் கல்லுப்பு. மிக்ஸி பற்றிய பகுதியில் சொன்னபடி இரண்டையும் சேர்த்து அரைத்து, காத்திருந்து திறந்து, பாட்டிலில் போடுங்கள். மாங்காய், கொய்யா, வெள்ளரிக்குத் தொட்டுக்கொள்ளலாம். இதைப் போடும் சமையலில் வழக்கமான உப்பைக் குறைக்க வேண்டும், மறப்பவர்கள் அதிகம்.

## செய்முறை 4: நாகா பாணி தக்காளிச் சட்னி

ராஜா மிர்ச்சாவை அதன் சொந்த ஊரில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் இதைச் செய்து பாருங்கள். நாகா வீடுகளில் அடுப்புக்கு மேலே இறைச்சி, மீன், மிளகாய் எல்லாம் புகையில் தொங்கும். அங்கே பெரும்பாலான குழம்புகளில் எண்ணெயே கிடையாது. பன்றி இறைச்சி, மூங்கில் குருத்து, மிளகாய், தண்ணீர் என்று வேகவைப்பார்கள். அந்தச் சாதுவான சாப்பாட்டுக்கு உசுப்பு கொடுப்பது தட்டின் ஓரத்தில் வைக்கும் இந்தச் சட்னி.

தேவை: பழுத்த தக்காளி 4, ராஜா மிர்ச்சா அரைப் பழம் (முதல் முறை கால் பழம்), பூண்டு 5 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு, கொத்தமல்லித் தழை, உப்பு, விருப்பமானால் சுட்ட கருவாடு ஒரு துண்டு.

1. தக்காளியை நேரடித் தீயில், தோல் கறுத்து வெடிக்கும்வரை சுடுங்கள். பூண்டைத் தோலோடு சுடுங்கள்.
2. மிளகாயை இடுக்கியால் பிடித்து, தீயிலிருந்து சற்று எட்டவைத்து, தோல் மினுங்கிக் கொப்பளிக்கும்வரை காட்டினால் போதும். கறுக்க விடாதீர்கள். இந்த அரை நிமிடம் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொள்வதில் தப்பில்லை.
3. உரலில் முதலில் உப்பு, பூண்டு, இஞ்சி, மிளகாய் ஆகியவற்றை நசுக்குங்கள். மிளகாய் கண்ணுக்குத் தெரியாமல் கரைய வேண்டும். துண்டாக நின்றால் அந்தத் துண்டு யார் வாயில் போகிறதோ அவர் பாடு திண்டாட்டம்.
4. கருவாடு சேர்ப்பதென்றால் இப்போது உதிர்த்துப் போட்டு இடியுங்கள்.
5. தக்காளியின் தோலை உரித்து, கரகரப்பாக மசித்துச் சேர்த்து, கொத்தமல்லி தூவுங்கள்.

சோற்றோடு பிசைந்து சாப்பிடும் சட்னி அல்ல. ஒவ்வொரு கவளத்துக்கும் நுனி விரலால் தொட்டுக்கொள்வது. கரண்டியால் சாப்பிட்டால் இன்னும் நல்லது, விரல் கண்ணுக்குப் போகாது. மணிப்பூரின் எரோம்பாவும் இதற்கு அக்காள் தங்கை முறைதான்: வேகவைத்த உருளைக்கிழங்கு அல்லது காய்கறியை, ஙாரி என்ற நொதித்த மீனோடும் உமோரோக்கோடும் மசிப்பார்கள். கிழங்கு சேர்வதால் காரம் கொஞ்சம் அடங்கியே தெரியும்.

## செய்முறை 5: காந்தாரித் துவையல்

மரவள்ளிக்கிழங்குக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது. காந்தாரி 8, உரித்த சின்ன வெங்காயம் 8, கல்லுப்பு, தேங்காய் எண்ணெய் 2 தேக்கரண்டி. உப்பையும் மிளகாயையும் முதலில் நசுக்கி, வெங்காயத்தைச் சேர்த்து ஒன்றிரண்டாகத் தட்டி, கடைசியில் எண்ணெயை ஊற்றிக் கலக்குங்கள். மிக்ஸியில் மையாக அரைத்தால் வெங்காயம் கசக்கும். அன்றே தீர்த்துவிட வேண்டும்.

## செய்முறை 6: கேரட் சாஸ்

பச்சைப் பழத்தை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ள நல்ல வழி. மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் ஹபனேரோவோடு கேரட் சேர்த்துச் சாஸ் செய்கிறார்கள். கேரட்டின் இனிப்பு காரத்தின் கூர்மையை மழுக்குகிறது, நிறமும் நன்றாக இருக்கிறது.

தேவை: பூத் ஜொலோகியா 2, கேரட் 200 கிராம், வெங்காயம் 100 கிராம், பூண்டு 4 பல், காடி என்கிற வினிகர் 200 மில்லி, எலுமிச்சைச் சாறு 50 மில்லி, உப்பு 2 தேக்கரண்டி.

1. கேரட், வெங்காயம், பூண்டை நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் குழைய வேகவைத்து, தண்ணீரை வடித்துவிடுங்கள்.
2. முழுக்க ஆறியபின் மிளகாய், காடி, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து மையாக அரையுங்கள். 15 நிமிடக் காத்திருப்பு இங்கும் உண்டு.
3. எஃகுப் பாத்திரத்தில் ஊற்றிச் சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்கவிடுங்கள். அலுமினியம் வேண்டாம், புளிப்பு அதை அரிக்கும். பாத்திரத்தின் மேல் குனியாதீர்கள். காடியின் ஆவி மிளகாயையும் தூக்கிக்கொண்டு வரும்.
4. வெந்நீரில் கொதிக்கவைத்து உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடுங்கள்.
5. பிஎச் தாள் இருந்தால் ஒரு துளி வைத்துப் பாருங்கள். 4 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் இன்னும் காடி சேர்த்து மறுபடி கொதிக்கவிடுங்கள். தாள் இல்லாவிட்டால் காடியின் அளவைக் குறைக்காதீர்கள்.

குளிர்பெட்டியில் வைத்து, ஈரமில்லாத கரண்டியால் எடுத்தால் இரண்டு, மூன்று மாதம் வரும்.

## காரம் கூடிவிட்டால்

உருளைக்கிழங்கைப் போட்டால் காரத்தை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். கிழங்கு குழம்பின் நீரை உறிஞ்சும், அந்த நீரோடு கொஞ்சம் காரமும் போகும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றுவதும் பயனில்லை, சுவை கெடும், எரிச்சல் நிற்கும்.

நம்பகமான வழி ஒன்றுதான்: மிளகாயே போடாமல் அதே குழம்பை இன்னொரு பங்கு செய்து, காரமானதை அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது. மிச்சத்தை ஃப்ரீசரில் வைத்து அடுத்த முறைக்குக் காரப் பொருளாகவே பயன்படுத்தலாம். நேரம் இல்லாவிட்டால் கெட்டித் தேங்காய்ப்பால், முந்திரி விழுது, தயிர் ஆகியவற்றில் குழம்புக்குப் பொருந்துவதைச் சேருங்கள். ஒரு துண்டு வெல்லம் நாக்கை ஏமாற்றும், வயிற்றை ஏமாற்றாது.

ருசி பார்க்கும்போது ஒரு சங்கதி. இந்த மிளகாய்களின் காரம் உடனே தெரியாது. முதலில் பழ இனிப்பு, சில வினாடி ஒன்றும் இல்லை, பிறகு தொண்டையில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். ‘காரமே இல்லையே’ என்று இன்னொரு கரண்டி சேர்ப்பது அந்த இடைவெளியில்தான். ஒரு முறை ருசி பார்த்தால் 2 நிமிடம் காத்திருந்த பிறகே கரண்டியைக் கையில் எடுங்கள்.

## எரிச்சலுக்கு முதலுதவி

வாய்: தண்ணீர் குடிக்காதீர்கள், காரத்தை வாய் முழுக்கப் பரப்பும். குளிர்ந்த பால் அல்லது தயிரை வாயில் வைத்துக் கொப்பளித்து விழுங்குங்கள். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் காரத்தைப் பற்றி இழுக்கிறது. சர்க்கரை ஒரு கரண்டி, வெறும் சோறு, ஐஸ்கிரீம் ஆகியவையும் உதவும். சமைக்கும் நாளில் அரை லிட்டர் தயிர் வீட்டில் இருக்கட்டும்.

தோல்: எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த நீரில் வையுங்கள். வெந்நீர் பட்டால் எரிச்சல் திரும்ப எழும்பும். கேப்சைசின் தட்டி எழுப்புவது, தோலில் சூட்டை உணரும் அதே ஏற்பியைத்தான். இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

கண்: கசக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவியபின், குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டு 15 நிமிடம் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் கழுவுங்கள். பால், எண்ணெய், தாய்ப்பால் எதையும் கண்ணில் விடக் கூடாது. அதன்பிறகும் வலியோ பார்வை மங்கலோ இருந்தால் கண் மருத்துவரிடம் போங்கள்.

நெடி: அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். மூச்சிரைப்பு அடங்காவிட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நெஞ்சுவலி, நிற்காத வாந்தி, திடீரென்று இடி விழுந்தாற்போல் தலைவலி: இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். பூத் ஜொலோகியா விழுது தடவிய பர்கரைச் சாப்பிட்டு, வாந்தியெடுத்ததில் உணவுக்குழாய் கிழிந்த ஒருவரைப் பற்றி 2016இலும், போட்டியில் கரோலினா ரீப்பரைத் தின்று மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கிக் கடும் தலைவலியோடு வந்த ஒருவரைப் பற்றி 2018இலும் மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்தன. இருவரும் பிழைத்தார்கள். பந்தயம் கட்டி இந்த மிளகாயைத் தின்பதை உங்கள் வீட்டில் அனுமதிக்காதீர்கள். வயிற்றுப்புண், மூலம், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்தச் சமையல் வேண்டாம். விருந்தாளிகளுக்கு வைத்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டு வையுங்கள்.

## எடுத்துவைப்பது

ஊறல் எண்ணெய் பார்க்க வழக்கமான நல்லெண்ணெய் போலவே இருக்கும். கார உப்பும் கொஞ்சம் செம்மை ஏறிய உப்புதான். பாட்டிலின் மேல் பெயரையும் செய்த தேதியையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத தட்டில் வையுங்கள். உங்களைத் தவிர வீட்டில் அடுப்பைத் தொடும் ஒவ்வொருவருக்கும், சமையலுக்கு வரும் அக்கா உட்பட, அது என்ன பாட்டில் என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.